சுழல் நிதியைப் பங்கு போடாதீர்கள்

உறுப்பினர்களுக்குள் கடனாகச் சுற்றிவர அரசு தரும் சுழல் நிதி வங்கிக் கணக்கில் ஏறியதும் பல மகளிர் சுய உதவிக் குழுக்களில் முதலில் நடப்பது வகுத்தல் கணக்கு. 20,000 ரூபாய், 12 பேர், தலைக்கு ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம். ஒரே வாரத்தில் அது மளிகைப் பாக்கியாகவும் வாரத் தவணைக்காரருக்குக் கட்டிய பணமாகவும் கரைந்துவிடும். குழுவுக்கு மறுபடி சுழல் நிதி கிடையாது. தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தில் இது ஒரு குழுவுக்கு ஒரே முறைதான். இயக்கம் 2011-இல் தொடங்கியபோது 10,000 முதல் 15,000 வரை தந்தார்கள். பின்னர் அது 20,000 முதல் 30,000 வரை என உயர்ந்தது.

இது மானியம், அரசுக்குத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. 'அப்போ நம்ம காசுதானே' என்ற பேச்சு எழுவது இதனால்தான். நம் காசுதான், ஆனால் குழுவின் காசு. உறுப்பினர் அதைக் கடனாக எடுத்து, வட்டியோடு குழுவுக்கே திருப்பித் தர வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். 12 பேர் வாரம் 50 ரூபாய் சேமித்தால் 24 வாரத்தில் 14,400. இதோடு சுழல் நிதி 20,000 சேர்ந்தால் குழுவின் மூலதனம் 34,400. முதல் வங்கிக் கடன் மூலதனத்தைப் போல் ஆறு மடங்கு, அல்லது குறைந்தது 1.5 லட்சம், இதில் எது அதிகமோ அது. ஆறு மடங்கு என்றால் 2,06,400. சுழல் நிதியைப் பிரித்துக்கொண்ட குழுவுக்கு வெறும் சேமிப்பின் ஆறு மடங்கு 86,400தான் வரும் என்பதால், அது 1.5 லட்சத்தில் நின்றுவிடும். தலைக்கு ஆயிரத்து அறுநூறுக்காக 56,400 ரூபாய் கடன் தகுதியை இழக்கிறார்கள்.

சுழலவிட்டால் என்ன ஆகும்? மூன்று பேருக்கு 8,000, 6,000, 6,000 எனக் கொடுத்து, பத்து மாதத் தவணை, நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 2,000 அசல் வசூலாகும். மூன்றாம் மாத முடிவில் நான்காவது ஆளுக்கு 6,000 தயார். குறையும் அசலுக்கு வட்டி போட்டாலும், முதல் மூவரிடமிருந்து மட்டும் பத்து மாதத்தில் 1,100 ரூபாய் வட்டி சேரும். அந்த வட்டியும் மூலதனத்தில்தான் சேர்கிறது.

முதல் சுற்றுக் கடன் யாருக்கு என்பதில்தான் குழுக்கள் உடைகின்றன. குழுவின் பொறுப்பாளர்களான ஊக்குநரும் பிரதிநிதியும் முதலில் எடுத்துக்கொண்டால் மற்றவர்கள் தவணை கட்டுவதில் சுணக்கம் வரும். இது அநேகமாகத் தவறாமல் நடக்கிறது. கணவரை இழந்தவர், மாற்றுத்திறனாளி, கந்துவட்டியில் சிக்கியவர் முதல் வரிசையில் இருக்கட்டும். பொறுப்பாளர்கள் கடைசியில் எடுக்கட்டும்.

பணம் வருவதற்கு முன்பே தடுக்கிற சங்கதிகளும் உண்டு. குழு தொடங்கிக் குறைந்தது மூன்று மாதம் ஆகியிருக்க வேண்டும். கூட்டம், சேமிப்பு, உள்கடன் (குழு தன் உறுப்பினருக்குக் கொடுக்கும் கடன்), திருப்பிச் செலுத்துதல், கணக்கு எழுதுதல் ஆகிய ஐந்தும் தவறாமல் நடந்திருக்க வேண்டும். தர மதிப்பீட்டில் இவற்றைத்தான் பார்ப்பார்கள். சேமிப்பை மட்டும் செய்துவிட்டு உள்கடனே கொடுக்காத குழுக்கள் இங்கே தேறுவதில்லை. மதிப்பீட்டுக்கு முதல் நாள் ஒரே பேனாவில் மூன்று மாதத் தீர்மானங்களை எழுதினால் பார்த்ததுமே தெரிந்துவிடும். இரண்டு குழுவில் பெயர் உள்ள உறுப்பினர், பரிவர்த்தனையே இல்லாமல் முடங்கிய சேமிப்புக் கணக்கு, ஆதாரிலும் பாஸ்புத்தகத்திலும் மாறியிருக்கும் பெயர் எழுத்து, இவற்றையும் முன்கூட்டியே சரிசெய்யுங்கள்.

வெற்றுக் காசோலையில் யாரும் கையெழுத்துப் போட்டு வைக்காதீர்கள், எவ்வளவு நம்பகமான ஊக்குநராக இருந்தாலும். யாருக்கு, எதற்கு, எவ்வளவு, எத்தனை தவணை என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதி, வந்திருக்கும் எல்லோரும் கையெழுத்திட்ட பிறகுதான் பணம் எடுக்க வேண்டும்.

வங்கி 'சேமிப்பை எடுக்காமல் வையுங்கள்' என்றோ, வைப்புத்தொகை போடுங்கள் என்றோ கேட்டால் மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. பத்து லட்சம் வரையிலான குழுக் கடனுக்குப் பிணை கேட்கக் கூடாது, சேமிப்புக் கணக்கை முடக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வாயால் சொல்லி வாதாட வேண்டாம். மறுப்பை எழுத்தில் கேளுங்கள்.

மகள்களுக்காக ஒரு யோசனை. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேரும் பெண்ணுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. 2022 செப்டம்பரில் தொடங்கிய திட்டம். ஆனால் அது கல்லூரியில் சேர்ந்த பிறகு வருவது. விண்ணப்பக் கட்டணம், சேர்க்கைக் கட்டணம், விடுதி முன்பணம், பேருந்துச் செலவு எல்லாம் அதற்கு முன்னாலேயே கேட்கும். 'அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்று பெண்ணின் படிப்பு நிற்பது அந்தச் சில வாரங்களில்தான். ஏப்ரல் கூட்டத்திலேயே யார் வீட்டில் பிளஸ் டூ எழுதிய பெண் இருக்கிறாள் என்று கேட்டு எழுதி, வசூலாகும் தவணையிலிருந்து 5,000 ரூபாயை மே மாதத்தில் அந்த வீட்டுக்குக் கடனாகக் கொடுக்க ஒதுக்கித் தீர்மானம் போடுங்கள். அந்தக் கடனின் முதல் தவணையை ஆகஸ்டுக்குத் தள்ளி வையுங்கள்.