எக்ஸ்பாக்ஸுக்கு ஒரு பி.பி. நம்பர்

எக்ஸ்பாக்ஸ் 360 என்ற பழைய வீடியோ கேம் கன்சோல் ஒன்று கைமாறி எங்கள் மாடி அறைக்கு வந்து சேர்ந்தது. 2005-இல் வெளிவந்த முதல் ரகம். அதில் வைஃபை கிடையாது. வேண்டுமென்றால் தனியாக ஒரு அடாப்டர் வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டும். அமெரிக்காவிலேயே அதன் விலை 100 டாலரை ஒட்டி இருந்தது. வைஃபை உள்ளேயே பொருத்தி வந்தது 2010-இன் ஒல்லி மாடலில்தான். ரவுட்டரோ கீழ்வீட்டில், வீட்டுக்காரரின் வரவேற்பறையில். அங்கிருந்து மாடிக்குக் கேபிள் இழுக்க அவர் சம்மதிக்கவில்லை. அறையில் எங்களிடம் இருந்தது ஒரு லேப்டாப். அது வைஃபை பிடிக்கும், பக்கவாட்டில் லேன் துளையும் உண்டு. சரி, எக்ஸ்பாக்ஸிலிருந்து லேப்டாப்புக்கு ஒரு மஞ்சள் கேபிள், லேப்டாப்பிலிருந்து கீழ்வீட்டுக்குக் காற்று வழி என்று முடிவு செய்தோம். கேபிள் முனையில் இருக்க வேண்டிய பிளாஸ்டிக் நாக்கு உடைந்து போயிருந்ததால், கழன்று விழாமலிருக்க ஒரு தீக்குச்சியைப் பக்கத்தில் செருகி வைத்தோம்.

முதலில் அந்தக் கேபிள். உள்ளே எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு ஜோடி. 100 மெகாபிட் வேகத்துக்கு அவற்றில் நான்கு போதும். கணினியின் பக்கம் 1, 2 என்ற கம்பிகள் அனுப்புவதற்கு. 3, 6 வாங்குவதற்கு. ரவுட்டரில் இது தலைகீழாக இருக்கும். அதனால் கணினியையும் ரவுட்டரையும் நேராக இணைத்தால் ஒன்றின் வாய் மற்றதன் காதுக்கு நேரே வரும். ஆனால் கன்சோலும் கணினி மாதிரிதான். கணினியோடு கன்சோலை நேராக இணைத்தால் வாய்க்கு எதிரே வாய், காதுக்கு எதிரே காது. அந்தக் காலத்தில் இதற்கென்றே ‘கிராஸ் கேபிள்’ என்று கடையில் கேட்டு வாங்குவார்கள். ஒரு முனையில் ஜோடிகளை மாற்றிப் போட்டிருக்கும். கிகாபிட் லேன் கார்டுகள் வந்த பிறகு அந்தத் தொல்லை ஓய்ந்தது. எதிரே இருப்பது யார் என்று பார்த்து, கார்டே உள்ளுக்குள் கம்பிகளை மாற்றிக்கொள்ளும். இரண்டு பக்கத்தில் ஒரு பக்கத்துக்கு அந்தப் புத்தி இருந்தாலே போதும்.

கேபிளைச் செருகியதும் கன்சோல் செய்கிற முதல் காரியம், கூவுவது. வலையில் ஒரு கருவியை அடையாளம் காட்டும் எண்ணுக்கு ஐ.பி. முகவரி என்று பெயர். ‘எனக்கு யாராவது ஒரு ஐ.பி. முகவரி கொடுங்களேன்’ என்று 255.255.255.255 என்ற பொது முகவரிக்கு ஒரு செய்தி போகும். யாரைக் கேட்பது என்று தெரியாதபோது எல்லாரையும் கேட்பதுதானே வழி? பதில் வராவிட்டால் 169.254 என்று தொடங்கும் ஒரு முகவரியைத் தானே சூட்டிக்கொள்ளும். கன்சோல் திரையில் இந்த எண்ணைக் கண்டால் ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை, எதிரே பதில் சொல்ல ஆளில்லை என்று பொருள்.

பதில் சொல்லும் வேலையை லேப்டாப்பிடம் ஒப்படைப்பதுதான் ‘இணைய இணைப்பைப் பகிர்தல்’ என்ற வசதி. 1999-இல் வந்த விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பிலேயே அது இருந்தது. விண்டோஸ் 7 முதல் பகிர்வை இயக்கியதும் லேப்டாப்பின் லேன் துளை 192.168.137.1 என்ற முகவரியை எடுத்துக்கொண்டு, கூவுகிறவர்களுக்கு 192.168.137 என்று தொடங்கும் முகவரிகளை வழங்கத் தொடங்கும். மேக்கில் அந்தத் தலை முகவரி 192.168.2.1, பல லினக்ஸ்களில் 10.42.0.1.

வைஃபை, லேன் என்ற இரண்டு கார்டுகளில் எதில் ‘பகிர்’ என்று டிக் அடிப்பது என்பதில்தான் எல்லாரும் தடுக்கி விழுகிறார்கள். நாங்களும் விழுந்தோம். கன்சோல் லேனில்தானே இருக்கிறது என்று லேனில் டிக் அடித்தோம். உடனே லேப்டாப்புக்கு வந்துகொண்டிருந்த இணையமும் போய்விட்டது. இணையம் எந்தக் கார்டு வழியாக வருகிறதோ அதைத்தான் பகிர வேண்டும். நாங்கள் மாற்றிச் சொன்னதால் விண்டோஸ் லேன் பக்கம் இணையம் இருப்பதாக நம்பி, வைஃபை கார்டுக்கு 192.168.137.1 என்ற முகவரியைப் போட்டுவிட்டது. கீழ்வீட்டு ரவுட்டருக்கு அந்த எண் யாரென்றே தெரியாது. அரை மணி நேரம் ரவுட்டரைத் திட்டிய பிறகுதான் புரிந்தது.

இனிதான் விஷயமே. வீட்டுக்கு வீடு போன் இல்லாத காலத்தில், விண்ணப்பத்திலும் விசிட்டிங் கார்டிலும் பக்கத்து வீட்டு எண்ணை எழுதி, அதன் அருகே ‘பி.பி.’ என்று போடுவார்கள். போன் அவர்களுடையது, கூப்பிட்டுக் கொடுப்பார்கள். நீங்கள் அங்கே போய் ஒருவருக்குப் போன் போட்டு, ‘பத்து நிமிடத்தில் திருப்பிக் கூப்பிடுகிறேன்’ என்று அவர் சொன்னால், மணி அடித்ததும் பக்கத்து வீட்டம்மா உங்களைத்தான் தேடுவார். முன்பின் தெரியாத குரல் திடீரென்று ‘அவர் இருக்காரா?’ என்று கேட்டால் ‘ராங் நம்பர்’ என்று வைத்துவிடுவார். லேப்டாப் செய்வது அச்சு அசலாக இதுதான். இதற்கு முகவரி மாற்றம் என்று பெயர், சுருக்கமாக ‘நாட்’.

வலையில் செய்தி துண்டு துண்டாகத்தான் போகும், ஒவ்வொரு துண்டும் ஒரு பாக்கெட். ஒரே ஒரு பாக்கெட்டைப் பின்தொடர்ந்து பார்ப்போம். கன்சோலின் முகவரி 192.168.137.74 என்று வைத்துக்கொள்வோம். இணையம் வழியாக மற்றவர்களோடு ஆட உதவும் எக்ஸ்பாக்ஸ் லைவ் சேவை பயன்படுத்தும் போர்ட் 3074. போர்ட் என்பது ஒரே முகவரிக்குள் இருக்கும் கதவு எண் மாதிரி, 65,536 கதவுகள் உண்டு. ‘அனுப்புநர்: 192.168.137.74, கதவு 3074’ என்று எழுதிய பாக்கெட் மஞ்சள் கேபிளில் வந்து லேப்டாப்பில் நுழைகிறது. லேப்டாப் அனுப்புநர் முகவரியை அழித்துத் தன் வைஃபை முகவரியை எழுதுகிறது: 192.168.1.6, கதவு 51240. அப்புறம் தன் நினைவில் ஒரு வரி குறித்துக்கொள்கிறது: ‘51240-க்குப் பதில் வந்தால் அது 192.168.137.74-இன் 3074-க்கு உரியது’. முகவரி மாறியதால் பாக்கெட் வழியில் சிதையவில்லை என்று காட்டும் சரிபார்ப்புத் தொகையையும் புதிதாகக் கணக்கிட வேண்டும், இல்லாவிட்டால் எதிர்முனை அதைக் கெட்ட சரக்கு என்று தூக்கிப் போட்டுவிடும். பதில் வரும்போது இதே வேலை பின்புறமாக நடக்கும். இவ்வளவும் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும், ஒரு மில்லிநொடிக்குள். ஆட்டம் தாமதமாகிறது என்றால் பழி பெரும்பாலும் வைஃபை மேல்தான், இந்தத் திருத்தத்தின் மேல் அல்ல.

கீழ்வீட்டு ரவுட்டருக்கு மாடியில் ஒரு எக்ஸ்பாக்ஸ் இருப்பது இதனால் தெரியவே தெரியாது. அதைப் பொறுத்தவரை எல்லாம் லேப்டாப் பேசிய பேச்சு. விடுதி வைஃபையில் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் பக்கத்தை கன்சோலில் நிரப்ப முடியாமல் தவிப்பவர்களுக்கும் இதே வழி உதவுகிறது. லேப்டாப் உள்ளே நுழைந்துவிட்டால் கன்சோலும் அதன் நிழலில் நுழைந்த மாதிரிதான். பல விடுதிகள் இதை விதிமீறலாகக் கருதும், அது வேறு கதை.

இந்த முகவரி மாற்றமெல்லாம் எதற்கு, வைஃபையையும் லேனையும் ஒட்டுப்போட்டு ஒரே வலையாக்கிவிட்டால் என்ன என்று ஒரு நண்பன் கேட்டான். நல்ல கேள்வி. கம்பி வலையில் அது சுலபம். வைஃபையில் சிக்கல். ஒவ்வொரு கார்டுக்கும் ஆலையிலேயே பதித்த ஒரு எம்.ஏ.சி. முகவரி உண்டு. வைஃபையில் கடவுச்சொல் சொல்லி உள்ளே வந்தவரின் எம்.ஏ.சி. முகவரியை மட்டுமே ரவுட்டர் ஏற்கும். சாதாரணமாக லேப்டாப் ரவுட்டருக்கு அனுப்பும் வைஃபை பாக்கெட்டின் மேலுறையில் மூன்று முகவரிகளுக்குத்தான் இடம். ‘அனுப்புவது நான், ஆனால் உண்மையில் இது பின்னால் இருக்கிற இன்னொருவர் சரக்கு’ என்று எழுத நான்காவது கட்டம் கிடையாது. ஆகவே லேப்டாப் தன் பெயரிலேயே பேசியாக வேண்டும்.

முகவரி மாற்றம் கன்சோலுக்காகப் பிறந்ததல்ல. பழைய ஐ.பி. முகவரி 32 பிட் நீளம், மொத்தம் சுமார் 429 கோடி எண்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்திலேயே இது போதாது என்று தெரிந்துவிட்டது. 1994 மே மாதம் கெல் எகவாங், பால் ஃபிரான்சிஸ் இருவரும் இந்த உத்தியை ஓர் ஆவணமாக வெளியிட்டார்கள். நிரந்தரத் தீர்வு வரும்வரை சமாளிக்க ஒரு தற்காலிக ஏற்பாடு. 2011 பிப்ரவரியில் உலகப் பொதுக் கையிருப்பு முகவரிகள் தீர்ந்தே போயின. தற்காலிக ஏற்பாடு இன்னும் உங்கள் வீட்டு ரவுட்டரில் ஓடிக்கொண்டிருக்கிறது.

எங்கள் ரவுட்டரிலும்தான். அதாவது லேப்டாப் 192.168.1.6 என்று மாற்றி எழுதிய பாக்கெட்டை, ரவுட்டர் மறுபடி அழித்துத் தன் வெளி முகவரியை எழுதுகிறது. ஒரு பி.பி. நம்பருக்குப் பின்னால் இன்னொரு பி.பி. நம்பர். படம் பார்க்க, பக்கம் திறக்க இது ஒரு தடையே இல்லை, ஏனென்றால் அங்கே முதலில் பேசுவது நாம்தான். விளையாட்டில் அப்படி இல்லை. எக்ஸ்பாக்ஸ் 360 காலத்துப் பல ஆட்டங்களில் நடுவில் பெரிய சர்வர் கிடையாது. ஆடுபவர்களில் ஒருவரின் கன்சோலே ஆட்டத்தை நடத்தும், மற்றவர்கள் அதனோடு நேரே பேச வேண்டும். முன்பின் தெரியாத குரல் கதவைத் தட்டுகிறது. லேப்டாப் பட்டியலைப் பார்க்கிறது, அப்படி ஒரு வரி இல்லை, பாக்கெட்டைக் கீழே போடுகிறது. கன்சோல் திரையில் ‘நாட்: ஸ்ட்ரிக்ட்’ என்று மஞ்சள் எச்சரிக்கை. பிளேஸ்டேஷனில் இதையே ‘டைப் 3’ என்பார்கள்.

இதைத் தாண்ட ஓர் அழகான தந்திரம் உண்டு, எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த பகுதி இதுதான். நானும் நீங்களும் ஆளுக்கொரு பி.பி. நம்பருக்குப் பின்னால் இருக்கிறோம். இருவரும் முதலில் பொதுவான ஒரு சர்வரிடம் பேசுகிறோம். வெளியிலிருந்து பார்க்க நான் எந்த முகவரி, எந்தக் கதவு என்பதை அது பார்த்து உங்களிடம் சொல்கிறது. உங்களுடையதை என்னிடம் சொல்கிறது. பிறகு இருவரும் ஒரே நேரத்தில் ஒருவருக்கொருவர் பாக்கெட் அனுப்புகிறோம். முதலில் போனது எதிர் வாசலில் விழுந்து வீணாகலாம். ஆனால் அதை அனுப்பியதாலேயே என் பட்டியலில் ‘இவரிடமிருந்து பதில் வரலாம்’ என்று ஒரு வரி ஏறிவிட்டது. உங்கள் பாக்கெட் வரும்போது அது பதில் மாதிரி உள்ளே நுழைந்துவிடும். இதைத் துளை போடுதல் என்கிறார்கள்.

சில ரவுட்டர்களிடம் இது பலிக்காது. அவை எதிரே பேசுகிற ஒவ்வொருவருக்கும் புதுக் கதவு எண் போடும். சர்வரிடம் பேசிய கதவு வேறு, உங்களிடம் பேசப் போகும் கதவு வேறு. சர்வர் சொன்ன எண்ணைத் தட்டினால் அங்கே யாரும் இல்லை. இரண்டு அடுக்கில் ஒரே ஒன்று அப்படி இருந்தாலும் பெரும்பாலும் கதை கந்தல். கன்சோலே ‘எனக்கு 3074-ஐத் திறந்து வை’ என்று கேட்கும் வசதியும் உண்டு, யு.பி.என்.பி. என்று பெயர். ஆனால் கன்சோல் கேட்பது லேப்டாப்பிடம். லேப்டாப் திறந்தாலும் கீழ்வீட்டு ரவுட்டரின் கதவு மூடியேதான் இருக்கும். மொபைல் நெட்டைப் பகிர்ந்தால் பெரும்பாலும் மூன்றாவது அடுக்கும் சேரும். நிறுவனமே பலரை ஒரே முகவரிக்குப் பின்னால் அடைத்து வைத்திருக்கும். அதற்கென்று 2012-இல் ஒதுக்கிய முகவரிகள் 100.64 முதல் 100.127 வரை தொடங்கும். உங்கள் ரவுட்டரின் ‘வெளி முகவரி’ அப்படி இருந்தால் அந்த அடுக்கைத் திறக்கும் சாவி உங்கள் கையில் இல்லை.

நாங்கள் வீட்டுக்காரரிடம் கெஞ்சி, அவர் ரவுட்டரில் 3074-ஐ லேப்டாப்புக்கு அனுப்பும்படி ஒரு வரி போட்டோம். லேப்டாப்பிலிருந்து கன்சோலுக்கு அடுத்த வரி. ‘ஸ்ட்ரிக்ட்’ போய் ‘ஓபன்’ வந்தது. அன்றிரவு ஆட்டம் உச்சத்தில் இருந்தபோது, இது யாருடைய லேப்டாப்போ என்று நினைத்த அறை நண்பன் மூடியைச் சாத்திவிட்டு டீ குடிக்கப் போனான். லேப்டாப் தூங்கியது, திரையில் எல்லாரும் மறைந்தார்கள். ஓடிப்போய்த் திறந்தோம். வைஃபை மறுபடி சேர்ந்து முடிப்பதற்குள் எதிர்முனையில் இருந்தவர்கள் எங்களைக் கைகழுவிவிட்டு வேறு ஆட்டத்துக்குப் போயிருந்தார்கள். பவர் அமைப்பில் ‘மூடியை மூடினால்’ என்பதற்கு எதிரே ‘ஒன்றும் செய்யாதே’ என்று மாற்றினோம். தீக்குச்சிக்குப் பக்கத்தில் ‘தொடாதே’ என்று ஒரு சீட்டும் ஒட்டினோம்.