பாதீடு என்றொரு பழைய சொல்

செருப்புக் கடையில் "நம்ம பட்ஜெட்டுக்கு இது சரிப்படாது" என்று அம்மா சொன்னால், கையில் அவ்வளவு காசு இல்லை என்று பொருள். பிப்ரவரி 1ஆம் தேதி தொலைக்காட்சியில் அதே சொல் வரும்போது ஒரு நாட்டின் ஓராண்டுப் பணம் முழுவதும் அதற்குள் அடங்கிவிடுகிறது. பொருளியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் எனக்கு, இதற்குச் சரியான தமிழ் எது என்ற கேள்வி பாடத்தைவிட அதிகமாகத் தலையைத் தின்றது.

பட்ஜெட்டின் பிறப்பு எளியது. பிரெஞ்சு மொழியில் 'பூஷெட்' என்றால் சிறு தோல்பை. அது ஆங்கிலத்துக்குப் போனது. நிதியமைச்சர் கணக்குத் தாள்களை அவையில் எடுத்து வைப்பதைப் 'பையைத் திறத்தல்' என்று 18ஆம் நூற்றாண்டில் சொல்லத் தொடங்கினார்கள். நாளடைவில் பையின் பெயரே கணக்குக்கும் ஆனது. நம் ஊரில் 2019இல் நிர்மலா சீதாராமன் தோல்பெட்டியை விட்டுச் சிவப்புத் துணி உறைக்கு மாறினார். 2021இல் அந்த உறைக்குள் கைக்கணினி வந்துவிட்டது. பை போயிற்று, பெயர் நிலைத்தது.

இந்திய அரசமைப்புச் சட்டத்தில் 'பட்ஜெட்' என்ற சொல்லே இல்லை. 112ஆம் பிரிவு அதை 'ஆண்டு நிதிநிலை அறிக்கை' என்கிறது. தமிழ்நாட்டு அரசு பயன்படுத்துவதும் நிதிநிலை அறிக்கைதான். பிழையில்லாத சொல். ஆனால் மருத்துவமனைப் பரிசோதனை முடிவு போல, ஏற்கெனவே உள்ள நிலையை யாரோ படித்துக் காட்டுவதாக அது ஒலிக்கிறது. முடிவெடுக்கும் கை அதில் தெரிவதில்லை. பழைய செய்தித்தாள்களின் 'வரவு செலவுத் திட்டம்' எனக்கு இன்னும் பிடிக்கும்; மளிகைக் கடைக்காரருக்கும் புரியும். (பற்றாக்குறையை நாம் பேச்சில் 'துண்டு விழுது' என்போம், இலங்கையில் 'துண்டுவிழும் தொகை' அரசு வழக்கிலேயே உண்டு. கொடுத்து வைத்தவர்கள்.)

பட்ஜெட்டைக் குறிக்கும் 'பாதீடு' என்ற சொல்லையும் இலங்கைத் தமிழரிடமிருந்துதான் அறிந்தேன். பாது என்றால் பங்கு. குறளில் வரும் 'பாத்தூண்', அதாவது பகிர்ந்து உண்ணும் உணவு, இதன் உறவு. ஈடு, 'இடு' என்பதிலிருந்து வந்தது; ஒதுக்கீடு, முதலீடு போல. பங்கிடுதல் என்பதே பொருள். வீட்டில் சொன்னேன். "பாதி ஈடா? மீதிப் பாதி யாருக்கு?" என்றார் அம்மா.

சொல் புதிதாகச் செய்ததும் அல்ல. தொல்காப்பியம் வெட்சித் திணைக்குச் சொல்லும் 14 துறைகளில் பாதீடும் ஒன்று. பகைவர் நாட்டில் கவர்ந்து வந்த ஆநிரையை ஊருக்குத் திரும்பியதும் கூறு போடுவது அது. புறப்பொருள் வெண்பாமாலை பங்கு பெறுவோரையும் சொல்கிறது: வாளெடுத்துப் போரிட்டவர், ஒற்றறிந்து வந்தவர், புள் நிமித்தம் பார்த்துச் சொன்னவர். அவரவர் செய்த வினைக்கேற்ப மாடு. கொள்ளைப் பொருள்தான், மறுக்கவில்லை. ஆனாலும் யாருக்கு எதற்காக எவ்வளவு என்ற கேள்வி அந்தத் துறைக்குள்ளேயே இருக்கிறது.

இன்றைய அரசியல் சண்டையும் அந்த இடத்தில்தான். வரியை மாநிலங்களோடு எப்படிப் பங்கிடுவது என்று பரிந்துரைப்பது நிதிக்குழு. 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்கு 15ஆவது நிதிக்குழு, ஒன்றிய அரசின் பகிர்வுக்குரிய வரியில் 41 விழுக்காட்டை மாநிலங்களுக்கு என்றது. அதில் தமிழ்நாட்டின் பங்கு 4.079 விழுக்காடாக இருந்தது. அந்தக் குழுவின் பங்கிடும் சூத்திரத்தில் மிகப் பெரிய எடை, 45 விழுக்காடு, தனிநபர் வருமானத்தில் ஒரு மாநிலம் எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்பதற்கு. ஏழை மாநிலத்துக்குக் கூடுதலாகப் போவதை நான் குறை சொல்ல மாட்டேன். என் வகுப்பில் இதற்காகவே என்னோடு சண்டை போடுபவர்கள் உண்டு. என் வருத்தம் வேறு. செஸ் (ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்கென்று விதிக்கும் வரி), கூடுதல் வரி (சர்சார்ஜ்) என்று வசூலாகும் பணம் பகிர்வுக் கணக்குக்குள் வருவதே இல்லை. கூறு போடுவதற்கு முன்பே சில மாடுகளைக் கொல்லையில் கட்டிவிட்டு, மிச்சத்தை ஊர் நடுவே நிறுத்துவது போல. இதை 'நிதிநிலை அறிக்கை' என்ற பெயரில் படித்தால் கண் நழுவிப் போய்விடுகிறது. 'பாதீடு' என்று படித்தால் எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது.

'இயற்றலும் ஈட்டலும் காத்தலும்' என்று தொடங்கும் குறள் அரசின் வேலைகளில் கடைசியாக வைப்பது 'வகுத்தல்'. உரைகள் இதற்குப் பகுத்துச் செலவிடுதல் என்றே பொருள் சொல்கின்றன.

எனவே நான் எழுதும்போது இப்படி வைத்துக்கொண்டேன்: வீட்டுக் கணக்குக்கு வரவு செலவு, அவையில் வைக்கும் ஆவணத்துக்கு நிதிநிலை அறிக்கை, பணத்தைப் பங்கு பிரிக்கும் செயலுக்குப் பாதீடு. தேர்வுத் தாளில் பாதீடு என்று எழுதியதற்கு ஆசிரியர் சிவப்பு மையில் கேள்விக்குறி போட்டிருந்தார். மதிப்பெண் குறைக்கவில்லை.