தண்ணீருக்குள் இறங்கிய பெண்கள் எங்கே போனார்கள்?

நியூயார்க்கில் ஆறாவது அவென்யூவில், 43-ஆம் தெருவுக்கும் 44-ஆம் தெருவுக்கும் நடுவே ஹிப்போட்ரோம் என்றொரு அரங்கு இருந்தது. திறந்தது 1905 ஏப்ரலில். 5,000 பேருக்கு மேல் உட்காரலாம். யானை, குதிரை, நூற்றுக்கணக்கான ஆட்டக்காரர்கள் என்று மேடையே ஒரு திருவிழாக் கூட்டம். ஆனால் எனக்குப் பிடித்தது அங்கிருந்த தண்ணீர்த் தொட்டிதான். சுமார் 14 அடி ஆழம்.

பெண்கள் வரிசையாகப் படியிறங்கி அதற்குள் நடப்பார்கள். இடுப்பு மூழ்கும், கழுத்து மூழ்கும், அப்புறம் தலையும் மறையும். எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் ஒருத்தியும் மேலே வரமாட்டாள்.

சூட்சுமம் நம் வீட்டு வாளியிலேயே இருக்கிறது. டம்ளரின் அடியில் காகிதத்தைக் கசக்கித் திணித்து, தலைகீழாக நேரே தண்ணீரில் அமிழ்த்திப் பாருங்கள். காகிதம் நனையாது, உள்ளே மாட்டிக்கொண்ட காற்று தண்ணீருக்கு இடம் விடாது. ஹிப்போட்ரோம் தொட்டியிலும் பார்வையாளர் கண்ணில் படாதபடி, அடிப்பக்கம் திறந்த ஒரு பெரிய 'டம்ளர்' மூழ்கியிருந்தது. மூச்சை அடக்கி விளிம்புக்குக் கீழே குனிந்து நுழைந்தால், உள்ளே தலை நிமிர்த்தி மூச்சு விடலாம். அங்கிருந்து மேடைக்குப் பின்னால் போய்விடலாம்.

கேட்க எளிது, செய்வது அவ்வளவு எளிதல்ல. இரண்டு மீட்டர் ஆழத்திலேயே அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். உள்ளிருக்கும் காற்று ஆறில் ஒரு பங்கு சுருங்க, அந்த இடத்துக்குத் தண்ணீர் ஏறும். அதைத் தடுக்க, பம்ப் வைத்துக் காற்றை அழுத்தி அனுப்ப வேண்டும். மூச்சுக்கும் அது தேவை; மூடிய இடத்தில் முதலில் திணறடிப்பது ஆக்சிஜன் குறைவதல்ல, நாம் வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடு சேர்வதுதான். இன்னொரு தொல்லை மிதப்பு விசை. ஒரு கன மீட்டர் காற்றைத் தண்ணீர் ஏறக்குறைய ஒரு டன் விசையோடு மேலே தள்ளும். பாரம் ஏற்றாவிட்டால் அந்த 'டம்ளரே' எகிறி மேலே வந்து ரகசியத்தை உடைத்துவிடும்!

1918-இல் மாயவித்தைக்காரர் ஹூடினி, ஜென்னி என்ற யானையை மறைய வைத்ததும் இதே அரங்கில்தான். அது வேறு வித்தை, தண்ணீருக்கு அதில் வேலையில்லை.

இவ்வளவு பெரிய காட்சிகளுக்குச் செலவு கட்டுப்படியாகவில்லை. 1923-இல் பாட்டு, ஆட்டம், நகைச்சுவை, வித்தை எல்லாம் கலந்த வாடவில் அரங்காக மாற்றினார்கள்; பிறகு திரைப்படங்களும் சேர்ந்துகொண்டன. அதுவும் நிலைக்கவில்லை. 1939-இல் இடித்தார்கள். பல வருடம் காலி மனையாகக் கிடந்த இடத்தில், 1952-இல் அலுவலகக் கட்டடமும் கார் நிறுத்துமிடமும் எழுந்தன. கட்டடத்தின் பெயர் மட்டும் ஹிப்போட்ரோம் சென்டர்.