லோட் பேலன்சிங்: சமநிலையா, பங்கீடா?

ஒரு சேவையைத் தேடி வரும் கோரிக்கைகளைப் பல சர்வர்களுக்குப் பிரித்து அனுப்புவது லோட் பேலன்சிங். பிரித்து அனுப்பும் கருவியோ மென்பொருளோ லோட் பேலன்சர். வேலையிடத்தில் முழுப் பெயரை யாரும் சொல்வதில்லை, "எல்பிக்குப் பின்னாடி நாலு சர்வர் இருக்கு" என்பதோடு சரி. தமிழில் எழுத உட்கார்ந்தால்தான் ஆளுக்கொரு சொல்: சுமைச் சமநிலை, சுமை சமப்படுத்தல், சுமைப் பகிர்வு. நான் 'சுமைப் பங்கீடு' என்று எழுதுகிறேன். 'சமநிலை' படிப்பவரைத் தவறான இடத்துக்குக் கொண்டுபோகிறது. சர்வர்கள் வேறு வேறு சப்நெட்டுகளிலும் (ஒரு பெரிய பிணையத்தின் உட்பகுதிகள்) ஊர்களிலும் இருக்கும்போது இது இன்னும் தெளிவாகத் தெரியும்.

முதலில் மூலச்சொற்கள். 'பேலன்ஸ்' லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. 'பி' என்றால் இரண்டு, 'லாங்ஸ்' என்றால் தட்டு. இரண்டு தட்டுள்ள தராசுதான் அதன் முதற்பொருள். 'லோட்' இன்னும் சுவையானது. பழைய ஆங்கிலத்தில் அதற்கு வழி, பயணம், கொண்டுசெல்லுதல் என்ற பொருள்கள்தான் இருந்தன. துருவ விண்மீனுக்கு வழங்கும் 'லோட்ஸ்டார்' என்ற பெயரில் அந்தப் பழம்பொருள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது: வழிகாட்டும் விண்மீன். கொண்டுசெல்லப்படும் சுமை என்ற பொருள் பிறகு ஏறியது.

கணினிக்கு முன்பே மின்துறையில் இந்தச் சொற்கள் புழங்கின. மின்வாரியத் தாள்களில் 'மின்பளு' என்று வருவது இந்த லோட்தான். மூன்று ஃபேஸ் இணைப்புள்ள வீட்டில் எல்லா ஏசியையும் ஒரே ஃபேஸில் மாட்டாமல் பிரித்துப் போடுவதை எலக்ட்ரீஷியனும் லோட் பேலன்சிங் என்றே சொல்வார். அங்கே மூன்று ஃபேஸும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும் என்பதே நோக்கம், ஆகவே 'சமன்' பொருந்துகிறது.

வலையுலகில் தேவை 1990களின் நடுவில் வந்தது. மொசைக் உலாவியை உருவாக்கிய இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தின் என்சிஎஸ்ஏ மையத்தின் வலைத்தளத்துக்கு ஒரு சர்வர் போதவில்லை. பல சர்வர்களை வைத்து, அதே பெயரைக் கேட்பவர்களுக்கு, தளப் பெயருக்கு உரிய ஐபி முகவரியைச் சொல்லும் டிஎன்எஸ் மாற்றி மாற்றி வேறு முகவரிகளைத் தரும்படி 1994-இல் செய்தார்கள். டிஎன்எஸ் வழியாகச் சுமையைப் பிரிப்பதைப் பற்றிய ஆர்எஃப்சி 1794 (ஆர்எஃப்சி என்பது இணைய நெறிமுறைகளுக்கான ஆவண வரிசை) 1995 ஏப்ரலில் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் சிஸ்கோவின் லோக்கல் டைரக்டர், எஃப்5 நிறுவனத்தின் பிக்-ஐபி போன்ற தனிக் கருவிகள் வந்தன. 1998-இல் சீனாவைச் சேர்ந்த வென்சாங் ஜாங், இதே வேலையை லினக்ஸ் மென்பொருளாகவே செய்யும் லினக்ஸ் விர்ச்சுவல் சர்வர் திட்டத்தைத் தொடங்கினார்.

இவற்றில் எதுவும் தராசுத் தட்டை நேராக்குவதில்லை. 16 கோர் இயந்திரத்துக்கும் 4 கோர் இயந்திரத்துக்கும் சமமாக அனுப்பினால் சின்னது விழுந்துவிடும். அதனால் ஒவ்வொன்றுக்கும் ஓர் எடை கொடுத்து அதற்கேற்றபடி அனுப்புகிறோம். செத்துப்போன சர்வருக்கு எதுவும் போகக்கூடாது. அவரவர் கொள்ளளவுக்கு ஏற்ற பங்கு, அதுதான் நடப்பது. பங்கிடு என்ற வினை முதனிலை திரிந்து 'பங்கீடு' ஆகிறது, வெளியிடு 'வெளியீடு' ஆவதைப் போல. பங்கிட ஒருவர் வேண்டும், கொடுக்கும் அளவில் ஒரு கணக்கு வேண்டும், இரண்டும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கின்றன. 'பகிர்வு' தவறில்லை. ஆனால் ரூட்டர்கள் பல பாதைகளில் போக்குவரத்தைப் பிரிப்பதை லோட் ஷேரிங் என்பார்கள், அதற்கு அதை விட்டுவைக்கலாம்.

அப்புறம் சப்நெட். 1984-இல் ஜெஃப்ரி மோகல் எழுதிய ஆர்எஃப்சி 917, அடுத்த ஆண்டு அவரும் ஜான் போஸ்டலும் எழுதிய ஆர்எஃப்சி 950 ஆகியவற்றில் இது வரையறுக்கப்பட்டது. வெளியுலகுக்கு ஒரே பிணையம், உள்ளே நிறுவனம் தன் வசதிக்குப் பிரித்துக்கொண்ட பகுதிகள். நில ஆவணத்தில் ஒரு புல எண்ணுக்குள் உட்பிரிவுகள் போடுவதைப் போன்றது. அதனால் 'உட்பிணையம்' என்பது 'துணைப்பிணையம்' என்பதைவிடப் பொருத்தம். சப்நெட் எதற்கும் துணை நிற்பதில்லை, பெரியதன் ஒரு துண்டு.

இந்த உட்பிணைய எல்லையில்தான் பங்கீடு முதலில் சிக்குகிறது. ஓர் இணைப்பை மட்டும் எடுத்துக்கொள்வோம். பயனர் கணினி 10.30.7.8. அது எல்லாச் சர்வர்களுக்கும் பொதுவாக வைத்த முகவரியான 10.10.1.100-ஐக் கூப்பிடுகிறது. அங்கிருக்கும் எல்பி, வேறு உட்பிணையத்தில் உள்ள 10.20.5.11 சர்வரைத் தேர்ந்து, சேருமிட முகவரியை மாற்றி அனுப்புகிறது. சர்வர் வந்ததைப் பார்க்கிறது: அனுப்பியவர் 10.30.7.8. பதிலைத் தன் ரூட்டர் வழியாக நேரே அவருக்கே அனுப்பிவிடுகிறது. பயனர் கணினிக்கோ 10.20.5.11 யாரென்றே தெரியாது, அது பேசத் தொடங்கியது 10.10.1.100-உடன். வந்த பதிலை ஏற்க மறுக்கிறது. சர்வர் நலமாக இருக்கிறது, எல்பி அனுப்பிவிட்டது, ஆனாலும் பக்கம் திறக்காது. புதிதாக இந்த வேலைக்கு வருபவர்கள் பெரும்பாலும் ஃபயர்வாலைத்தான் முதலில் சந்தேகிப்பார்கள். திரும்பும் பாதையைப் பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

இதற்கு வழக்கமான தீர்வு, எல்பி அனுப்புநர் முகவரியையும் தன்னுடையதாக மாற்றிவிடுவது. பதில் கட்டாயம் எல்பிக்கே திரும்பும். இதற்கும் ஒரு விலை உண்டு. சர்வரின் பதிவேட்டில் எல்லாக் கோரிக்கையும் எல்பியிடமிருந்தே வந்ததாகத் தெரியும். எச்டிடிபி என்றால் 'எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார்' தலைப்பில் உண்மையான முகவரியைச் சேர்த்து அனுப்பலாம். மற்றவற்றுக்கு எச்ஏபிராக்சி என்ற லோட் பேலன்சர் மென்பொருளுக்காக உருவான பிராக்சி நெறிமுறை கைகொடுக்கும், சர்வருக்கும் அது புரிந்தால்.

லினக்ஸ் விர்ச்சுவல் சர்வரின் 'டைரக்ட் ரூட்டிங்' முறை வேறுவிதம். ஐபி முகவரியை அது தொடுவதே இல்லை, மேக் முகவரியை (பிணைய அட்டையின் அடையாள எண்) மட்டும் மாற்றிப் பொதியை, அதாவது பாக்கெட்டை, சர்வரிடம் தள்ளிவிடும். சேருமிட முகவரி மாறாததால் பதிலும் அதே பொது முகவரியின் பெயரில், எல்பியைத் தொடாமல் நேரே பயனருக்குப் போகும். கோரிக்கை சிறியது, பதில் பெரியது என்பதால் எல்பிக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் மேக் முகவரி ரூட்டரைத் தாண்டாது. எல்பியும் சர்வர்களும் ஒரே பிரிவில் இருந்தாக வேண்டும். மைக்ரோசாஃப்டின் சுமைப் பங்கீட்டு வசதியான விண்டோஸ் என்எல்பி குழுவிலும் எல்லாச் சர்வர்களும் ஒரே உட்பிணையத்தில் இருக்க வேண்டும் என்பதே விதி. எல்லையைத் தாண்ட வேண்டுமென்றால் பொதியை இன்னொரு பொதிக்குள் வைத்து அனுப்பும் டனல் முறை இருக்கிறது. அதில் 20 பைட் கூடுவதால், வழக்கமான உச்ச அளவான 1500 பைட்டை நிரப்பி வரும் பொதிகளைக் கவனித்தாக வேண்டும். பக்கங்கள் திறக்கும், பயனர் பதிவேற்றும் பெரிய கோப்புகள் பாதியில் நிற்கும்.

சரி, ஊர் தாண்டினால்? சென்னையில் உள்ள எல்பி மும்பையில் உள்ள சர்வருக்குப் பங்கு கொடுக்க முடியும். ஆனால் கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். 1000 கிலோமீட்டருக்கு 5 மில்லிநொடி, போய்வர 10. மும்பையில் ஓடும் செயலி, சென்னையில் உள்ள தரவுத்தளத்தை ஒரு பக்கத்துக்காக 20 முறை கேட்டால் 200 மில்லிநொடி வழியிலேயே கரைந்துவிடும். அதைவிடப் பெரிய குறை, சென்னை மையம் விழுந்தால் எல்பியும் சேர்ந்தே விழும். அதனால் எந்த மையத்துக்குப் போவது என்ற முடிவை, பொதி கிளம்பும் முன்பே எடுத்தாக வேண்டும்.

அதற்கு இரண்டு வழிகள் பெருவழக்கு. ஒன்று டிஎன்எஸ்: கேட்பவருக்கு அருகில், உயிரோடு இருக்கும் மையத்தின் முகவரியைத் தருவது. இதில் டிஎன்எஸ் பார்ப்பது பயனரை அல்ல, அவருக்காகக் கேட்கும் ரிசால்வரை. ரிசால்வர் வேறு ஊரில் இருந்தால் தவறான மையம் கிடைக்கும். பயனரின் முகவரியில் ஒரு பகுதியைக் கேள்வியோடு சேர்த்து அனுப்பும் வழியை 2016-இன் ஆர்எஃப்சி 7871 விவரிக்கிறது. டிஎன்எஸ் பதிலின் ஆயுளை, அதாவது அதை நினைவில் வைத்திருக்கலாம் என்ற நேரத்தை, 30 நொடி என்று வைத்தாலும், முதலில் கிடைத்த முகவரியை மறுதொடக்கம் வரை விடாத செயலிகள் உண்டு.

மற்றொன்று எனிகாஸ்ட். ஒரே ஐபி முகவரியைப் பல ஊர்களிலிருந்து, பிணையங்கள் தங்களுக்குள் பாதைகளைச் சொல்லிக்கொள்ளும் பிஜிபி வழியாக அறிவிப்பார்கள். இணையத்தின் டிஎன்எஸ் மூலச் சர்வர்களுக்கு 13 பெயர்கள்தான், ஆனால் உலகெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் இயங்குகின்றன. எஃப் என்ற எழுத்துடைய மூலச் சர்வரின் ஒரு பிரதி சென்னையில் இருக்கிறது. எந்தப் பிரதிக்குப் போவது என்பதை ரூட்டர்களின் பாதைக் கணக்கு முடிவு செய்யும். அதில் கிலோமீட்டருக்கு இடமில்லை.

இந்தக் கட்டத்தில் பங்கீடும் இல்லை, சமநிலையும் இல்லை. நடப்பது வழி தேர்வது. ஆங்கிலத்தில் இதையும் 'குளோபல் சர்வர் லோட் பேலன்சிங்' என்றே அழைக்கிறார்கள். லோடின் பழம்பொருள் அவர்களுக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ, அது இங்கே பொருந்துகிறது. நாம் இதை 'மைய வழிப்படுத்தல்' என்று தனியே எழுதலாம். 'சைட்' என்பதற்குத் தளம் என்று போட்டால் இணையதளத்தோடு குழம்பும், தரவு மையம் என்பதிலிருந்து வரும் 'மையம்' போதும். மையங்களுக்கு இடையே வழிப்படுத்தல், மையத்துக்குள் சுமைப் பங்கீடு என்று பிரித்து எழுதினால் எந்தப் பழுது எந்த அடுக்கில் என்பதும் பேச்சில் தெளிவாகும்.

'சமநிலை' என்ற சொல் கெடுதல் செய்யும் இடமும் இதுதான். இரண்டு மையங்களும் தத்தம் கொள்ளளவில் 60 சதவீதத்தில் ஓடினால் திரையில் இரண்டு கோடுகளும் நேராகத் தெரியும், சமநிலை என்று எழுதிவிடலாம். ஒன்று விழுந்தால் மற்றொன்றின் தலையில் 120 சதவீதம். ஒரே அளவுள்ள இரண்டு மையங்கள் என்றால் ஒவ்வொன்றையும் 50-ஐத் தாண்டவிடக் கூடாது. ஆவணத்தில் மையத்தின் பெயருக்குப் பக்கத்தில் இப்போதைய பங்கையும், மற்றது விழுந்தால் அது தாங்க வேண்டிய பங்கையும் இரண்டு எண்களாக எழுதிவைக்கலாம்.