நடையும் மருந்துச் சீட்டில் ஏறினால்

"சுகர் கொஞ்சம் ஏறியிருக்கு, தினமும் நடங்க." நம் ஊர் கிளினிக்குகளில் ஒரு நாளில் எத்தனை முறை இது சொல்லப்படுகிறது என்று எண்ணி முடியாது. கேட்டுக்கொண்டு வந்து உண்மையிலேயே நடப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். உடனே சோம்பேறித்தனம் என்று சொல்லிவிடுகிறோம். எனக்கென்னவோ பாதிக் கோளாறு அந்த வாக்கியத்திலேயே இருக்கிறது என்று தோன்றுகிறது. "ஏதாவது மாத்திரை போட்டுக்கோங்க" என்று எந்த டாக்டராவது சொல்வாரா? எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம், சாப்பாட்டுக்கு முன்பா பின்பா, மறுபடி எப்போது வர வேண்டும் என்று எல்லாம் சீட்டில் இருக்கும். நடைக்கு மட்டும் அளவும் கிடையாது, மறுபடி வரச் சொல்வதும் கிடையாது.

இந்த இரண்டையும் சேர்த்தால் என்ன ஆகும் என்று நியூசிலாந்தில் பார்த்தார்கள். அங்கே 1990களின் இறுதியில் 'கிரீன் பிரிஸ்கிரிப்ஷன்' என்ற திட்டம் வந்தது. டாக்டரோ நர்ஸோ நோயாளியிடம் சில நிமிடங்கள் பேசி, என்ன உடற்பயிற்சி, எவ்வளவு நேரம், வாரத்தில் எத்தனை நாள் என்பதைச் சீட்டில் எழுதித் தருவார். சீட்டின் நகல் வட்டார விளையாட்டு அமைப்புக்குப் போகும். அங்குள்ள பயிற்சி ஆலோசகர் அடுத்த மூன்று மாதங்களில் குறைந்தது மூன்று முறை நோயாளிக்குப் போன் செய்வார்.

வைகாட்டோ வட்டாரத்தில் இதை முறையாகச் சோதித்த ஆய்வு 2003இல் வெளியானது. 42 கிளினிக்குகள், 40 முதல் 79 வயது வரை 878 பேர், எல்லோரும் உடலுழைப்பு குறைந்தவர்கள். நோயாளிகளைப் பிரிக்காமல் கிளினிக்குகளையே குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். அதுவும் சரிதான், ஒரே டாக்டர் ஒருவருக்குச் சீட்டு கொடுத்துவிட்டு அடுத்தவரிடம் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார முடியாது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது, சீட்டு பெற்றவர்கள் ஓய்வு நேர உடற்பயிற்சியில் மற்றவர்களைவிட வாரத்துக்குச் சுமார் அரை மணி நேரம் முன்னே இருந்தார்கள். கணக்குப் போட்டால், பத்துப் பேருக்குச் சீட்டு கொடுத்தால் கூடுதலாக ஒருவர் வாரம் இரண்டரை மணி நேர உடற்பயிற்சி என்ற அளவை எட்டுகிறார். ரத்த அழுத்தத்தில் உறுதியாகச் சொல்லும்படி வித்தியாசம் தெரியவில்லை. பிரமாதமான வெற்றி என்று சொல்ல மாட்டேன். ஆனால் சில நிமிடப் பேச்சுக்கும் மூன்று போன் அழைப்புக்கும் இது மோசமில்லை.

சீட்டைவிடச் சுவாரசியமானது அதற்கு முந்தைய பேச்சு. அந்த டாக்டர்களுக்கு ஒரு பேச்சு முறையில் பயிற்சி கொடுத்திருந்தார்கள். அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983இல் குடிப்பழக்கத்தில் சிக்கியவர்களுக்காக விவரித்த முறை அது. மாறலாமா வேண்டாமா என்று மனதுக்குள் ஊசலாடுகிறவரிடம் "நீங்கள் மாறியே ஆக வேண்டும்" என்றால், அவர் எதிர்க்கட்சி வக்கீலாகிவிடுவார். நேரமில்லை, முழங்கால் வலி, தெருநாய் என்று காரணங்கள் வரிசையாக வரும். அதையே "முன்பு எப்போதாவது நடந்திருக்கிறீர்களா? இந்த வாரம் எது முடியும்?" என்று கேட்டால், மாறுவதற்கான காரணத்தை அவரே தேடத் தொடங்குகிறார். தன் வாயால் சொன்ன அளவுதான் சீட்டில் ஏறுகிறது. பத்து நாளில் மழையோ உறவினர் கல்யாணமோ வந்து நடை நின்றுபோன சமயத்தில் போன் வந்தால், விட்ட இடத்திலிருந்து பிடிக்கவும் ஒரு வழி கிடைக்கிறது.

சென்னைக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையிலான குழு, சர்க்கரை நோயின் விளிம்பில் நின்ற 531 பேரை மூன்று வருடம் தொடர்ந்து கவனித்து 2006இல் முடிவை வெளியிட்டது. ஒரு பிரிவினருக்கு உணவு அறிவுரையும் தினசரி அரை மணி நேர வேகநடையும் சொல்லப்பட்டன. ஏற்கெனவே உடலுழைப்பு உள்ளவர்களிடம் அதையே தொடரச் சொன்னார்கள். இங்கேயும் அவ்வப்போது போன் செய்து விசாரித்தார்கள். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. தொடர்ந்து வழிகாட்டப்பட்டவர்களில் அது 39 சதவீதம். சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் மெட்ஃபார்மின் மாத்திரை பெற்ற இன்னொரு பிரிவினரிலும் கிட்டத்தட்ட அதே அளவுதான்.

இத்தனைக்கும் வழிகாட்டப்பட்டவர்களின் எடை பெரிதாகக் குறையவில்லை. எடை குறையாமல் எப்படிப் பலன் கிடைத்தது? உணவு மாற்றத்துக்கும் பங்கு இருக்கும், ஆனால் தசைக்குள் நடப்பதையும் பார்க்க வேண்டும். தசைக்குள் சர்க்கரையை ஏற்றிவிடும் குளுட்-4 என்ற புரதம் வழக்கமாகச் செல்லுக்குள்ளேயே கிடக்கும், இன்சுலின் அழைத்தால் செல்லின் மேற்பரப்புக்கு வரும். தசை சுருங்கி விரியும்போது இன்சுலின் அழைக்காமலேயே அது மேலே வந்துவிடுகிறது. இன்சுலினுக்குச் சரியாகக் காது கொடுக்காத உடலில்கூட இந்த வழி திறந்தே இருக்கிறது. அதோடு, நடந்து முடித்த பிறகும் தசை இன்சுலினுக்கு நன்றாக இணங்கும் நிலை ஒன்றிரண்டு நாள் நீடிக்கும், பிறகு மங்கிவிடும். "தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் விட்டுவிடாதீர்கள்" என்று சர்க்கரை நோயாளிகளுக்குச் சொல்வது இதனால்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மொத்தமாக நடப்பவர்கள் கவனிக்க.

சரி, டோக்கன் வாங்கி வெளியே ஐம்பது பேர் காத்திருக்கும் கிளினிக்கில் இதையெல்லாம் யார் பேசுவது? டாக்டரால் முடியாது, முடியவேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. ஆனால் தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பெண் தன்னார்வலர்கள் பிரஷர், சுகர் மாத்திரைகளோடு வீடு தேடிப் போகிறார்கள். நியூசிலாந்தில் போன் செய்து விசாரித்தவரின் வேலைக்கு இவர்களைவிடப் பொருத்தமானவர்கள் யார்? அவர்கள் நோட்டில் "இந்த வாரம் எத்தனை நாள் நடந்தீர்கள், எது தடுத்தது" என்று இன்னும் ஒரு கட்டம் சேர்க்கலாம். கூடுதல் வேலைக்குக் கூடுதல் ஊதியமும் கொடுத்தாக வேண்டும். அந்தக் கட்டத்தில் "நடைபாதை இல்லை" என்று ஒரே தெருவிலிருந்து இருபது பேர் சொன்னால், அந்தத் தாளை நகராட்சிக்கும் அனுப்பலாம்.