சார்ஜ் கன்ட்ரோலர்: தமிழில் எப்படிச் சொல்வது?

உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய நீலப் பெட்டி. அடியில் ஆறு திருகு முனைகள், மேலே சின்னத் திரை. மொட்டைமாடியில் இருந்த 100 வாட் சூரியப் பலகத்துக்கும் மாடிப்படிக்குக் கீழே இருந்த 12 வோல்ட் பேட்டரிக்கும் நடுவில் வைத்து, பேட்டரியில் மின்சாரம் அளவு மீறி ஏறாமல் பார்த்துக்கொள்ள வாங்கிய சார்ஜ் கன்ட்ரோலர் அது. கூடவே வந்த தாளில் தமிழும் இருந்தது. தலைப்பு: ‘குற்றச்சாட்டுக் கட்டுப்படுத்தி’.

மொழிபெயர்த்த இயந்திரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. ‘சார்ஜ்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குக் குற்றச்சாட்டு என்றும் பொருள் உண்டு. கட்டணம், பொறுப்பு என்றும் உண்டு. இவை எல்லாவற்றுக்கும் மூலம் ஒரு வண்டி. கெல்ட்டியரிடமிருந்து இலத்தீனுக்கு வந்த ‘கார்ருஸ்’ என்ற சொல் வண்டியைக் குறித்தது. அதிலிருந்து, வண்டியில் பாரம் ஏற்றுவதற்கு ‘கார்ரிகாரே’ என்ற வினை பிறந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் ‘சார்ஜ்’ ஆனது. நாம் ஓட்டும் காரும் அதே குடும்பம்தான். துப்பாக்கியில் மருந்து ஏற்றுவதும் சார்ஜ். பின்னர் மின்சாரம் ஏற்றுவதும் சார்ஜ். பேட்டரி என்ற சொல்லும் பீரங்கி வரிசையிலிருந்து வந்ததே. மின்சாரம் தேக்கும் கண்ணாடிச் சாடிகளை வரிசையாக இணைத்து, 1749இல் அவற்றுக்கு அந்தப் பெயரை வைத்தவர் பெஞ்சமின் பிராங்க்ளின்.

தமிழிலும் இதே ஓட்டம் இருக்கிறது. பழி சுமத்துகிறோம், வரி சுமத்துகிறோம், பொறுப்பைச் சுமத்துகிறோம். மின்சாரத்தை மட்டும் சுமத்துவதில்லை. ஏற்றுகிறோம் அல்லது ஊட்டுகிறோம். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ஒரு பொருளில் உள்ள மின்சாரத்தின் அளவை ‘மின்னூட்டம்’ என்கின்றன. இலங்கைப் பாடநூல்கள் ‘ஏற்றம்’ என்கின்றன. பேட்டரி விஷயத்தில் என் வாக்கு ஏற்றத்துக்கே. ஏற்றினால் இறக்க வேண்டும். மின்னேற்றம், மின்னிறக்கம் என்று சோடி தானாக அமைகிறது. ஊட்டத்துக்கு எதிர்ச்சொல் தேடினால் பட்டினிதான் கிடைக்கும். கிணற்றிலிருந்து நீர் இறைத்த ஏற்றமும் காதில் ஒலிக்கிறது என்பது கூடுதல் லாபம்.

அடுத்தது ‘கன்ட்ரோலர்’. இதைக் கேட்டதும் கடிவாளம் பிடிப்பவர் நினைவுக்கு வருவார். ஆனால் சொல்லின் பிறப்பு கணக்குப் பிள்ளையின் மேசையில். கணக்குகளைச் சுருள்களில் எழுதிய காலத்தில், அசலைச் சரிபார்க்க எதிர்ப்படி ஒன்றை வைத்திருந்தார்கள். இலத்தீனில் ‘கோந்த்ரா’ என்றால் எதிர், ‘ரோத்துலுஸ்’ என்றால் சுருள். அந்த எதிர்ச்சுருளை வைத்துச் சரிபார்த்தவரே கன்ட்ரோலர். இந்திய அரசின் கணக்குகளைத் தணிக்கை செய்யும் உயர் பதவியின் ஆங்கிலப் பெயரில் இன்றும் ‘கம்ப்ட்ரோலர்’ ஒட்டிக்கொண்டிருக்கிறது. கணக்கைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லோடு குழப்பிக்கொண்டு யாரோ நுழைத்த எழுத்துக்கூட்டல் அது.

நீலப் பெட்டி செய்வதும் சரிபார்ப்புதான். பேட்டரியின் மின்னழுத்தத்தை ஓயாமல் அளந்து, தன்னிடம் குறித்துவைத்திருக்கும் எண்ணோடு ஒப்பிடுகிறது. ஈய அமில பேட்டரியானால் சுமார் 14.4 வோல்ட் மேல் எல்லை. அதைத் தாண்டி ஏற்றிக்கொண்டே போனால் உள்ளே இருக்கும் நீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துபோகும். நிரம்பியபின் 13.6 அல்லது 13.8 வோல்ட்டில் தாங்கி நிறுத்துகிறது. கீழே 11 வோல்ட்டை ஒட்டி வந்துவிட்டால், தன்னோடு இணைத்த விளக்கை அணைத்துவிடுகிறது. இந்தக் கடைசி வேலை மின்னிறக்கத்தைப் பார்த்துக்கொள்வது. ஆங்கிலப் பெயரில் அதற்கு இடமே இல்லை.

ஏரிக்கரையில் மதகைத் திறந்து மூடி, வயலுக்கு வயல் நீரைப் பங்கிட்டவரை நீர்க்கட்டி என்பார்கள். வேலையைப் பார்த்தால் இந்தப் பெட்டிக்குப் பொருத்தமான முன்னோர் அவரே. ‘மின்கட்டி’ என்று வைத்துவிடலாமா என்று ஆசை எழுந்தது. ஆனால் இன்று நீர்க்கட்டி என்றால் ஸ்கேன் அறிக்கைதான் நினைவுக்கு வருகிறது. ஆசையை விட்டுவிட்டேன். ‘மின்னேற்றக் கட்டுப்படுத்தி’ தவறில்லை. ஆனால் ஒப்பிட்டு, குறைத்து, தாங்கி நிறுத்தும் வேலைக்கு ‘மின்னேற்றச் சீராக்கி’ நெருக்கமாக இருக்கிறது. வாயிலும் எளிதில் நுழைகிறது.

பெயர் எதுவானாலும் மாட்டும் வரிசை முக்கியம். முதலில் பேட்டரி, அதன்பிறகே பலகம். 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்பதைச் சீராக்கிகள் பலவும் பேட்டரியைப் பார்த்தே முடிவு செய்கின்றன. பலகத்தை முதலில் கொடுத்தால், எதிலும் இணையாத அதன் 22 வோல்ட் நேராக உள்ளே பாயும். பெட்டி குழம்பலாம், கருகவும் செய்யலாம். கழற்றும்போது பலகம் முதலில், பேட்டரி கடைசியில். பேட்டரியின் நேர்முனைக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ் வேண்டும்.

சோதிக்க ஒரு மல்டிமீட்டர் போதும். காலையில், பலகத்தை இணைக்கும் முன் என் பேட்டரி 12.4 வோல்ட் காட்டியது. இணைத்ததும் 13ஐத் தாண்டி, நண்பகலில் 14.4ஐத் தொட்டு அங்கேயே நின்றது. அதே நேரம் 5 ஆம்பியரை ஒட்டியிருந்த மின்னோட்டம் மெல்ல இறங்கத் தொடங்கியது. அழுத்தம் நிற்க, ஓட்டம் குறைய வேண்டும். அந்த எல்லையைத் தாண்டியும் இரண்டும் சேர்ந்து ஏறிக்கொண்டே போனால் உடனே பலகத்தைக் கழற்றுங்கள். என்னுடையது, மின்சாரத்தைத் துடிப்புத் துடிப்பாக விட்டுவிட்டு அனுப்பும் மலிவான துடிப்பகல (PWM) வகை. பலகத்தைப் பேட்டரியின் அழுத்தத்துக்கே இழுத்துவிடும் என்பதால் 100 வாட்டில் 70 வாட் அளவே கைக்கு வரும். மீதியையும் பிடிக்கும் வகைக்கு (MPPT) விலை கூடுதல்.

எல்லாம் ஓடியபின் முனைகளுக்கு மேல் தமிழில் சீட்டு ஒட்டினேன்: பலகம், மின்கலம், சுமை. மின்சாரத்தை வாங்கிச் செலவழிக்கும் எதையும் மின்னியலில் சுமை என்பார்கள். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துவிட்டு, “சுமை என்று எழுதியிருக்கிறாயே, அதில் என்னப்பா தொங்கவிடப் போகிறாய்?” என்றார். மூன்றாவது சீட்டில் இப்போது ‘விளக்கு’ என்று இருக்கிறது.