கோழித் தீவன மூட்டைக்கு மாட்டுக் கொட்டகையில் என்ன வேலை?

போன வாரம் வாழப்பாடி பக்கம் ஒரு கிராமத்திலிருந்து போன் வந்தது. "மாடு ரெண்டு நாளா அசை போடலைங்க சார். சாணி புளிச்ச வாடை அடிக்குதுங்க." போய்ப் பார்த்தேன். நாலாவது ஈத்துக் கலப்பினப் பசு. இடது பக்க வயிறு உப்பியிருந்தது, சாணி தண்ணீராகப் போய்க்கொண்டிருந்தது. என்ன தீவனம் வைக்கிறீர்கள் என்று கேட்டேன். அந்த அம்மா கொட்டகை மூலையைக் காட்டினார். பிராய்லர் கோழித் தீவன மூட்டை. கையை விட்டு ஒரு பிடி அள்ளினேன், கருவாட்டு வாடை மூக்கில் ஏறியது. இந்த மாதத்தில் மாட்டுக் கொட்டகையில் நான் பார்க்கும் மூன்றாவது கோழித் தீவன மூட்டை இது.

"அண்ணன் பண்ணையில பேட்ச் எடுத்ததும் மீந்துச்சுங்க சார். வீணாப் போகுதேன்னு கொண்டாந்தேன். கோழி நாப்பது நாள்ல ரெண்டு கிலோ ஏறுது, மாட்டுக்குப் பால் ஏறாதுங்களா?"

மாட்டைப் பிழைக்க வைத்துவிட்டோம். மாவாக அரைத்த மக்காச்சோளம் ஒரே நேரத்தில் நாலு கிலோ உள்ளே போனதால் வந்த அமில நோய் அது. சோடா உப்பும் குளுக்கோஸும் போதுமானதாக இருந்தன. இரத்தக் கழிச்சலைத் தடுக்கக் கோழித் தீவனத்தில் கலக்கும் சில மருந்துகள் அளவு மீறினால் மாட்டின் இதயத்தையே தாக்கும். அந்த வகையில் அவர் தப்பித்தார். ஆனால் நான் இதை எழுதுவது அமில நோய்க்காக இல்லை. அந்த மூட்டைக்குள் வேறு என்ன அரைபட்டுக் கிடக்கிறது என்று அவருக்குத் தெரியாது. அதை மாட்டுக்குக் கொட்டக்கூடாது என்று ஒரு சட்டம் இருப்பதையும் அவரிடம் யாரும் சொன்னதில்லை.

கறவை மாடு, எருமை, ஆடு எதற்கும் மாட்டின் அல்லது பன்றியின் இறைச்சித் தூள், எலும்புத் தூள், இரத்தத் தூள் கலந்த தீவனம் கொடுக்கக்கூடாது என்பது நம் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதி. கோழிக்கும் பன்றிக்கும் மீனுக்கும் விலக்கு உண்டு. சிக்கல் அந்த விலக்கில்தான் இருக்கிறது. கோழித் தீவனத்தில் இதெல்லாம் சட்டப்படியே இருக்கலாம். வெறும் கருவாட்டுத் தூள் என்றால் எனக்கு இவ்வளவு பதற்றம் இருக்காது. அதோடு எந்தப் பிராணியின் எலும்பு சேர்ந்திருக்கிறது என்பதை மூட்டையை வெளியே இருந்து பார்த்து நானும் சொல்ல முடியாது.

இந்த விதிக்குக் காரணம் 1986இல் பிரிட்டனில் முதன்முதலில் கண்டறியப்பட்ட மாட்டு மூளை நோய். பத்திரிகைகள் 'மேட் கவ்' என்று பெயர் வைத்தன. செத்த கால்நடைகளின் கழிவை அரைத்துப் புரதத்துக்காக மாட்டுக்கே போட்டார்கள். 1,80,000க்கும் மேற்பட்ட மாடுகளுக்கு நோய் வந்தது. பாதிக்கப்பட்ட மாட்டிறைச்சி வழியாக அது மனிதனுக்கும் தாவும் என்று 1996இல் அந்த நாட்டு அரசே ஒப்புக்கொண்டது. அப்படி வந்த மனித நோயில் அங்கே 170க்கும் அதிகமானவர்கள் இறந்தார்கள், அதில் இளவயதினர் நிறைய. (பால் வழியாக இது பரவியதாக எந்த ஆதாரமும் இல்லை. பாலைக் கொட்டிவிடாதீர்கள்.)

இதைச் சொன்னதும் எல்லோரும் ஒரே பதில் வைத்திருக்கிறார்கள். "நல்லா வேக வெச்சுக் குடுத்தா கிருமி செத்துடாதுங்களா?" படித்தவர்களும் கேட்கிறார்கள். தீவனக் கடைக்காரர் ஒருவர், "அதெல்லாம் ஸ்டெரிலைஸ் பண்ணதுங்க" என்று என்னிடமே பாடம் எடுத்தார். தயவுசெய்து ஒரு தடவை பொறுமையாகக் கேளுங்கள். இது கிருமியே இல்லை. பாக்டீரியா இல்லை, வைரஸ் இல்லை, உயிருள்ள பொருளே இல்லை. இந்த நோயை உண்டாக்கும் பிரியான் என்பது வடிவம் கெட்டுப் போன ஒரு புரதம். பக்கத்திலிருக்கும் நல்ல புரதத்தையும் தன்னைப் போலவே கோணலாக்கிவிடும். உயிர் இருந்தால்தானே கொதிக்க வைத்துக் கொல்ல முடியும்? சாதாரணச் சமையல் வெப்பம் அதை ஒன்றும் செய்யாது. சோதனைக்கூடத்தில் திசுக்களைப் போட்டு வைக்கும் ஃபார்மலினில் கிடந்தும் அதன் வீரியம் போவதில்லை. இன்னொன்றும் கேளுங்கள். பிரிட்டனில் மாட்டுக்குப் போட்டது பச்சை எலும்பு இல்லை. ஆலையில் வேக வைத்து, கொழுப்பைப் பிரித்து, காய வைத்து அரைத்த தூள். வெந்த தூள்தான் அந்த நாட்டு மாடுகளை அழித்தது. வேக வைத்தால் சரியாகிவிடும் என்று இனி யாரும் என்னிடம் சொல்லாதீர்கள்.

அடுத்த பதில், "நம்ம ஊர்லதான் அந்த நோயே இல்லீங்களே." உண்மைதான். இந்தியாவில் இதுவரை ஒரு மாட்டுக்கும் இந்த நோய் பதிவாகவில்லை. ஆபத்து மிகமிகக் குறைந்த நாடு என்று உலக விலங்கு சுகாதார அமைப்பு 2010இல் நமக்கு அங்கீகாரம் கொடுத்தது. வைக்கோலும் புண்ணாக்கும் தவிடும் போட்டு மாடு வளர்த்த நம் பாட்டன் பாட்டிகள் சம்பாதித்துக் கொடுத்த பேர் அது. இந்த நோய் உடம்பில் ஏறிய பிறகு வெளியே தெரியச் சராசரியாக நாலைந்து வருடம் ஆகும். அதுவரை மாடு கறந்துகொண்டே இருக்கும்.

இங்கே இன்னொரு குழப்பத்தையும் சொல்லியாக வேண்டும். வாயில் எச்சில் ஒழுக, கத்திக்கொண்டு முட்ட வரும் மாட்டைப் பார்த்து "மேட் கவ் சார்" என்று வாட்ஸப்பில் வீடியோ அனுப்புகிறார்கள். நம் ஊரில் அது பெரும்பாலும் வெறிநோய், நாய் கடித்து வந்தது. தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று அதன் வாயில் கையை விடாதீர்கள். விட்டிருந்தால் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

விதியைப் பற்றிய விவாதத்துக்கு வருகிறேன். கோழிக்கும் இந்தத் தூளைத் தடை செய்ய வேண்டும் என்பவர்கள் உண்டு. சோயா புண்ணாக்கு விற்கும் விலையில் அது கட்டுபடியாகாது என்று பண்ணைக்காரர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நாமக்கல்லைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதை நான் அலட்சியமாகத் தள்ள மாட்டேன். ஆனால் பிரிட்டன் கதையைக் கொஞ்சம் பாருங்கள். 1988இல் மாடு, ஆடு போல அசை போடும் பிராணிகளுக்கு மட்டும் தடை போட்டார்கள். கோழிக்கும் பன்றிக்கும் தொடர்ந்தது. தடைக்குப் பிறகு பிறந்த மாடுகளிலேயே 40,000க்கும் மேல் நோய் வந்தது. ஒரே மில்லில் கோழித் தீவனம் அரைத்துவிட்டு அடுத்து மாட்டுத் தீவனம் அரைத்தது முக்கியக் காரணம். நோயுள்ள மூளைத் திசு ஒரு கிராமுக்கும் குறைவாக வயிற்றுக்குள் போனாலே கன்றுக்கு நோய் வருகிறது. அரைவை இயந்திரத்தின் இடுக்கில் ஒட்டியிருப்பதே அதைவிட அதிகம். கடைசியில் 1996இல் எல்லாப் பண்ணை விலங்குகளுக்கும் சேர்த்துத் தடை செய்தார்கள்.

நம் விலக்கு இருக்கட்டும். ஆனால் எலும்புத் தூள் கலந்த ஒவ்வொரு மூட்டையிலும் 'ஆடு, மாடுகளுக்குக் கொடுக்கக்கூடாது' என்று தமிழில், கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில் அச்சடிக்க வேண்டும். அமெரிக்காவில் 1997 விதியிலிருந்தே இப்படி ஒரு வாசகம் கட்டாயம். மில்களில் இரண்டுக்கும் தனித்தனி இயந்திரம் வேண்டும். மூட்டையில் ஒரு வரி அச்சடிக்கப் பெரிய செலவு ஆகாது.

நம் சேலம் பக்கம் இந்தப் பழக்கம் ஏன் பரவுகிறது என்றால், எனக்குத் தெரிந்து திப்பிதான் காரணம். ஜவ்வரிசி ஆலையிலிருந்து மரவள்ளித் திப்பி மலிவாகக் கிடைக்கிறது, கூடை கூடையாக வைக்கிறார்கள். திப்பியில் மாவுச்சத்து உண்டு, புரதம் ஏறக்குறைய இல்லை. பால் குறைகிறது. கடலைப் புண்ணாக்கு விலையைக் கேட்டால் மயக்கம் வருகிறது. உடனே கண் கோழித் தீவனத்தின் மேல் போகிறது. ஏற்காட்டில் வேறு கதை. நாகலூர்ப் பக்கம் மேயப்போன மாடு எங்கோ கிடந்த எலும்பை மென்றுகொண்டு நின்றதை நானே பார்த்தேன். பாஸ்பரஸ் பற்றாக்குறை. அதற்கு வைத்தியமாகக் காப்பிச் செடிக்கு வாங்கிய எலும்பு உரத்தையே தவிட்டில் கலந்து வைத்திருந்தார் வீட்டுக்காரர். உரம் செடிக்கு, அண்ணா. மாட்டுக்குத் தாது உப்புக் கலவை தினம் ஐம்பது கிராம் போதும்.

புரதத்துக்கு வேலி ஓரம் வேலிமசால், அகத்தி, கிளரிசிடியா வையுங்கள். கடலைப் புண்ணாக்கோடு பருத்திக்கொட்டைப் புண்ணாக்கைப் பாதிக்குப் பாதி சேருங்கள். அடர்தீவனம் வாங்கினால் ஐஎஸ்ஐ முத்திரை பார்த்து வாங்குங்கள், சீட்டில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று கேளுங்கள். சொல்லத் தயங்கும் கடையில் வாங்காதீர்கள். கோழியும் மாடும் இருக்கும் வீட்டில் முறமும் படியும் தனித்தனியாக இருக்கட்டும். கோழி எருவையும் மாட்டுக்குப் போடாதீர்கள். சிந்திய தீவனம் அத்தனையும் அதில்தான் கிடக்கிறது.

வாழப்பாடி அம்மா கடைசியாகக் கேட்டது, "மிச்சம் ஒன்றரை மூட்டை கிடக்குதுங்களே சார்?" வாசலில் ஏழெட்டு நாட்டுக்கோழி மேய்ந்துகொண்டிருந்தது. அதற்கே போடுங்கள் என்றேன். மூட்டையை அவர் மகன் கோழிக்கூண்டுப் பக்கம் தூக்கிக்கொண்டு போனான். அந்த அம்மா மாட்டுத் தொட்டியைக் கவிழ்த்துத் தேய்க்க ஆரம்பித்தார்.